ஓ.எல். காலத்தில் நோய் வந்தவர்கள் மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி?

தரம் 10, 11இல், அதாவது ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) படிக்கும் காலத்தில் நோய் வந்து, பாதி நாள் வாட்டிலும் மீதி நாள் வீட்டுக் கட்டிலிலும் போன பிள்ளைகளுக்கும் அவர்களின் தாய் தகப்பனுக்கும் இதை எழுதுகிறேன். என் தங்கச்சிக்குத் தரம் 10இல் சிறுநீரக நோய் வந்தது. மாத்திரையில் முகம் வீங்கி, தவணைப் பரீட்சைப் புள்ளிகள் எல்லாம் விழுந்து, "இனி பயோ எல்லாம் யோசிக்காதேங்கோ" என்று, மருத்துவத்துக்குப் போகும் உயிரியல் பிரிவையே மறக்கச் சொன்னவர்களே அதிகம். என்ன காகிதம், யாரிடம், எப்போது என்று கோவையாகச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கே போனால் "பாடசாலையில் கேளுங்கோ" என்றார்கள். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. எது கணக்கில் வரும், எது வராது

இது விளங்கினால் பாதிப் பயம் போய்விடும். இலங்கையின் அரச மருத்துவ பீடங்களுக்கு மாணவரைத் தெரிவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. அது பார்ப்பது ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேற்றின் இசட் புள்ளியை, அதாவது அதே பாடம் எழுதிய மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் புள்ளியை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் சித்தி வேண்டும். ஏ.எல்.ஓடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். தரம் 9இல் கணிதத்துக்கு எத்தனை, தரம் 10 இரண்டாம் தவணையில் வகுப்பில் எத்தனையாம் இடம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஓ.எல்.இல் ஒன்பது ஏ எடுத்தவரும் ஆறு பாடம் சித்தியடைந்தவரும் மருத்துவ பீட வரிசையில் ஏ.எல். இசட் புள்ளியோடுதான் நிற்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நோயை விளக்கிச் சொல்ல அந்த விண்ணப்பத்தில் இடமே கிடையாது. எத்தனை உருக்கமான கடிதத்தை இணைத்தாலும் இசட் புள்ளியின் நான்காம் தசமம்கூட அசையாது. "டொக்டரிட்டக் கடிதம் வாங்கி வையுங்கோ, கம்பஸ் எடுக்கேக்க உதவும்" என்று சொல்பவர்களை நம்பி அந்த வழியில் நேரத்தைச் செலவிட வேண்டாம். நோய்க் காகிதங்கள் வேலை செய்வது வேறு இடங்களில்: பாடசாலை வரவு, பரீட்சைச் சலுகை, ஓ.எல். எழுதும் ஆண்டைத் தள்ளுவது, வெளிநாட்டு விண்ணப்பம். அவற்றுக்காகத்தான் சேர்க்கிறோம்.

2. காகிதங்களை இப்போதே சேருங்கள்

முதலாவது டயக்னோசிஸ் காட். வாட்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அந்த அட்டையில் நோயின் பெயர், அனுமதித்த திகதி, விட்ட திகதி, வாட் இலக்கம், பெட் ஹெட் ரிக்கற் (வாட்டில் உங்கள் சிகிச்சையைப் பதியும் கோப்பு) இலக்கம் எல்லாம் இருக்கும். அந்த இலக்கம் பெரும்பாலும் மூலையில் அவசரக் கையெழுத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். கிளினிக்குக்குக் கொண்டுபோய் மடித்து மடித்து முதலில் அழிவதும் அந்த மூலைதான். அது போனால் பிறகு வைத்தியசாலைப் பதிவறையில் உங்கள் கோப்பைத் தேடி எடுப்பது பெரும்பாடு. வீட்டுக்கு வந்த அன்றே போட்டோக் கொப்பி எடுங்கள், போனிலும் படம் பிடித்து வையுங்கள்.

இரண்டாவது கிளினிக் கொப்பி. ஒரு கொப்பி முடிந்து அடுத்தது தொடங்கும்போது பழையதை எறிய வேண்டாம். எந்த மாதம் எத்தனை முறை போனீர்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

மூன்றாவது, பாடசாலைக்கு வராத ஒவ்வொரு காலத்துக்கும் மருத்துவச் சான்றிதழ். அதை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. அதிபருக்கு முகவரியிட்ட கடிதத்தோடு அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியிட்டுக் கையொப்பம் வாங்குங்கள். கேட்க ஒரு மாதிரி இருக்கும், பரவாயில்லை. ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டால் அவருடைய லாச்சியில் இருந்த காகிதம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

நான்காவது, சிகிச்சை தந்த விசேட வைத்திய நிபுணரின் கடிதம். கிளினிக்கில் கூட்டம் நிறைந்த நேரம் நீண்ட அறிக்கை கேட்டால் கிடைக்காது. என்ன தேவைக்கு, எந்தக் காலத்தைக் குறிப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் வேலை சுலபம். விரிவான மருத்துவ அறிக்கை வேண்டுமென்றால் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் எடுக்கும் என்று நினைத்தே தொடங்குங்கள்.

பெயர்களைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முழுதாக, பாடசாலை இடாப்பில் முதலெழுத்து மட்டும், வைத்தியசாலை அட்டையில் ஆங்கிலத்தில் வேறோர் எழுத்துக்கூட்டல் என்று மூன்று விதமாக இருக்கும். "சி"யில் தொடங்கும் பெயர் சிலவேளை எஸ், சிலவேளை சி, எச் ஆகிவிடும். பிள்ளைக்கு 15 வயதானதும் எடுக்கும் தேசிய அடையாள அட்டையில் என்ன வருகிறதோ அதையே எல்லாவற்றுக்கும் அளவாக வையுங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்துங்கள். பெறுபேறு வந்து விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கும்போது பிரதேச செயலகத்துக்கு ஓடுவது வீண் தலையிடி.

3. ஓ.எல்.: எழுதுவதா, ஓர் ஆண்டு தள்ளுவதா?

ஏ.எல். வகுப்புக்குப் போக ஓ.எல்.இல் ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அதில் தாய்மொழியும் கணிதமும் அடங்க வேண்டும், மூன்று பாடங்களில் திறமைச் சித்தி, அதாவது சி, இருக்க வேண்டும். பயோவுக்குப் போகிறவரிடம் விஞ்ஞானத்தில் சி எதிர்பார்ப்பார்கள். இது அடிப்படை. யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற பாடசாலைகள் இதற்குமேல் தங்கள் பக்கத்தில் ஒரு வெட்டுக்கோடு வைத்திருக்கும். கணிதம், விஞ்ஞானத்தில் ஏ, பி என்று கேட்பார்கள்.

நோய் தரம் 10இல் வந்து தரம் 11இல் ஓரளவு தேறிவிட்டால் எழுதிவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். ஒன்பது ஏ கிடைக்காவிட்டாலும் வாசல் திறந்துவிடும். குறைந்த பாடத்தை மறுமுறை எழுதவும் வழி உண்டு. தரம் 11 நடுவில் நோய் உச்சத்தில் இருந்தால் தள்ளுவதைப் பற்றி யோசிக்கலாம். அதை வீட்டில் முடிவெடுத்துவிட்டுப் பிள்ளையை வெறுமனே நிறுத்திவிடக் கூடாது. பரீட்சை விண்ணப்பம் பாடசாலையிலிருந்து போவதற்கு முன், வைத்திய நிபுணரின் கடிதத்தோடு அதிபரைச் சந்தித்து, அதே வகுப்பில் தொடர்ந்து படிக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். அதிபர் கைவிரித்தால் உங்கள் வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது. யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள். உங்கள் வீடு எதில் இருக்கிறது என்பது முக்கியமில்லை. பாடசாலை எந்த வலயத்தில் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும்.

சொந்தப் பாடசாலை பயோவுக்கு எடுக்க மறுத்தால் அது கடைசிச் சொல் அல்ல. பயோ நடக்கும் சிறிய பாடசாலைகள் பல இருக்கின்றன. மாணவர் குறைவாக இருப்பதால் வரவேற்பார்கள். நோயாளிப் பிள்ளைக்கு அது சிலவேளை நல்லதும்கூட. ஆய்வுகூடத்தில் ஒரு மேசைக்கு இரண்டு பேர்தான், களைத்தால் உட்காரலாம், ஆசிரியருக்குப் பெயர் தெரியும். பாடசாலையின் பெயருக்கு இசட் புள்ளியில் இடமில்லை.

4. ஏ.எல். இரண்டு வருடங்கள்: கண் வைக்க வேண்டிய மூன்று விடயங்கள்

வரவு. பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும் என்பது விதி. கிளினிக் நாட்கள், திடீர் அனுமதிகள் எல்லாம் சேர்ந்தால் இந்த எல்லை சீக்கிரம் நெருங்கிவிடும். தவணை முடிவில் வகுப்பாசிரியரிடம் வரவுச் சதவீதத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். இரண்டாம் பகுதியில் சொன்ன, கையொப்பம் வாங்கிய கடிதப் பிரதிகள் இங்கேதான் உதவும். கடைசி மாதங்களில் பாடசாலைக்குப் போகாமல் ரியூட்டரியிலேயே (தனியார் ரியூசன் நிலையம்) இருப்பது எங்கள் ஊர் வழக்கம். அதைச் சுகதேகியான பிள்ளை செய்யலாம். ஏற்கெனவே நாட்களை இழந்த பிள்ளை செய்யக் கூடாது.

மாவட்டம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. மருத்துவ பீட இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை வரிசையில் போகிறது, 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிகிறது, மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நீங்கள் எந்த மாவட்டம் என்பதை வீட்டு முகவரி தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தீர்கள் என்று பார்க்கிறார்கள். கொழும்பில் சிகிச்சை, மாமா வீட்டில் தங்கிப் பக்கத்துப் பாடசாலையிலேயே சேர்த்துவிடலாம் என்று முடிவெடுக்குமுன் இதை எண்ணிப் பாருங்கள். கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி வேறு, யாழ்ப்பாணத்தினது வேறு. சிகிச்சை முக்கியம்தான், ஆனால் சில மாதச் சிகிச்சைக்குப் பாடசாலையை மாற்றத் தேவையில்லை. விடுகைப் பத்திரம் எடுக்காமல் மருத்துவ விடுமுறையில் வைத்திருக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

தடவை. பல்கலைக்கழக அனுமதிக்கு ஏ.எல். மூன்று தடவைகள்தான். நோய் திரும்ப வந்திருக்கும் ஆண்டில், "சும்மா ஒருக்கா எழுதிப் பாக்கட்டும்" என்று மண்டபத்துக்கு அனுப்பாதீர்கள். ஒரு வினாத்தாள் எழுதினாலும் ஒரு தடவை போனது என்று வைத்துக்கொண்டு முடிவெடுப்பதே பாதுகாப்பு.

ரியூசன் பற்றி ஒரு சொல். ஒரே பாடத்துக்குத் தியறி ஓரிடம், றிவிசன் ஓரிடம், பேப்பர் வகுப்பு ஓரிடம் என்று காலை ஆறு மணிக்குச் சைக்கிளில் கிளம்பி இருட்டில் வீடு திரும்பும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, எங்கள் பிள்ளையும் அப்படி ஓடினால்தான் கிடைக்கும் என்று நினைக்கிறோம். ஓடமுடியாத பிள்ளைக்குப் பாடத்துக்கு ஒரு வகுப்பு, மீதிக்குக் கடந்தகால வினாத்தாள்கள் போதும். இசட் புள்ளி மூன்று பாடங்களின் சராசரி. பிடித்த பாடத்தில் நேரத்தைக் கொட்டி ஒன்றை விழவிட்டால் சராசரி இறங்கிவிடும். எங்கள் வீட்டில் அந்த ஒன்று பௌதிகவியல். வகுப்பைக் குறைத்த மிச்ச நேரம் முழுதும் அதற்கே போனது. செலவும் மிஞ்சியது என்பது உண்மை.

5. பரீட்சை மண்டபத்தில் சலுகை

நோயின் பாதிப்பு இன்னும் இருக்கிறதா? கை நடுக்கம், பார்வைக் குறைவு, அடிக்கடி மலசலகூடம் போகவேண்டிய நிலை, இன்சுலின்? பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், எழுத உதவியாளர், தனி அறை போன்ற ஒழுங்குகளைச் செய்கிறது. ஆனால் அவற்றைப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் காலத்திலேயே, மருத்துவச் சான்றோடு, அதிபர் ஊடாகக் கேட்க வேண்டும். பரீட்சையன்று காலையில் மேற்பார்வையாளரிடம் டயக்னோசிஸ் காட்டை நீட்டினால் அவர் பாவம், என்ன செய்வார்? பரீட்சைக் காலத்தில் வாட்டில் இருக்க நேர்ந்தாலும் உடனே அதிபருக்கு அறிவியுங்கள். வைத்தியசாலையில் இருந்தபடி எழுத ஒழுங்கு செய்வது உண்டு. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்காகப் பரீட்சை நிலையமே வைக்கிறார்கள்.

சலுகை கேட்டால் சான்றிதழில் பதிந்துவிடுமோ, பிறகு மருத்துவ பீடத்தில் "நோயாளி" என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள். பெறுபேற்றுச் சான்றிதழில் அப்படி ஒன்றும் வராது.

6. பெறுபேறு வந்தபின்

முன்பு ஓகஸ்டில் நடந்த ஏ.எல். இப்போது இடம் மாறிவிட்டது. 2024ஆம் ஆண்டுக்கான பரீட்சை நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. பெறுபேறு 2025 ஏப்ரல் இறுதியில்தான் வந்தது. அண்ணன் எழுதிய காலத்து நாட்காட்டியை வைத்துத் திட்டமிட வேண்டாம். பெறுபேறு வந்தபின் இரண்டு கடிகாரங்கள் ஒன்றாக ஓடும்.

ஒன்று, மீள்பரிசீலனை. பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம், இணையத்தில் விண்ணப்பம். இன்னொன்று, பல்கலைக்கழக விண்ணப்பம். மீள்பரிசீலனை முடிவு வரட்டும் என்று இரண்டாவதைத் தள்ளிவைக்கக் கூடாது.

விண்ணப்பிக்குமுன் ஆணைக்குழுவின் அந்த ஆண்டுக் கைந்நூலை வாங்குங்கள் அல்லது இணையத்தில் இறக்குங்கள். தடித்த புத்தகம். உங்களுக்கு வேண்டியது மருத்துவம் பற்றிய பக்கமும் மாவட்டம், தடவை, பதிவு பற்றிய பக்கங்களும்தான். போன ஆண்டுப் புத்தகத்தை அயலில் இரவல் வாங்கி நிரப்பாதீர்கள்; கற்கைநெறிகளும் அவற்றின் குறியீடுகளும் மாறும்.

கையில் இருக்க வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஏ.எல். சுட்டெண், பாடசாலைகளில் சேர்ந்த, விலகிய திகதிகள், இயங்கும் மின்னஞ்சல், கைமாறாத தொலைபேசி இலக்கம். ரியூட்டரி வாசலில் வாங்கிய தற்காலிக சிம் வேண்டாம். ஆவணங்களைப் பதிவுத்தபாலில் கேட்டால் அந்தத் துண்டை வைத்திருங்கள். தரவேற்றச் சொன்னால் ஏற்றியபின் வரும் பக்கத்தைப் படம் பிடியுங்கள். நெற் கபேயில் நிரப்பக் கொடுத்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு குறியீட்டையும் நீங்களே வாசித்துப் பாருங்கள்.

விருப்பத் தெரிவு வரிசையில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். உங்கள் புள்ளிக்கு எட்டக்கூடிய, பட்டியலில் மேலே இருக்கும் தெரிவுதான் கிடைக்கும். அதனால் "இது கிடைக்காது" என்று நினைத்து விரும்பிய இடத்தைக் கீழே போடுவதில் ஒரு லாபமும் இல்லை. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகம் என்று உண்மையான விருப்பப்படி எழுதுங்கள். கிளினிக் தொடர்பு விட முடியாத பிள்ளை என்றால் யாழ்ப்பாணத்தை முதலில் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; பீடமும் போதனா வைத்தியசாலையும் வீட்டுக்குப் பக்கம். மருத்துவத்துக்குக் கீழே பல் மருத்துவம், கைதடியில் நடக்கும் சித்த மருத்துவம், தாதியியல், மருந்தகவியல் போன்றவற்றை உண்மையில் படிக்க மனம் இருந்தால் மட்டும் சேருங்கள்.

ஏனென்றால், வேறு கற்கைநெறி கிடைத்துப் பதிவு செய்துவிட்டால், அடுத்த தடவை மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி போய்விடும். இரண்டாம் அல்லது மூன்றாம் தடவை எழுத நினைப்பவர்கள் பதிவுக் கட்டணம் கட்டுமுன் கைந்நூலில் அந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள்.

7. வெளிநாடு என்றால்

நோயை எழுத்தில் விளக்க வேண்டிய இடம் இதுதான். இங்கிலாந்து போன்ற நாடுகளில் பழைய புள்ளிகளையும் பார்ப்பார்கள். யூகாஸ் (அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) வழியான மருத்துவ விண்ணப்பத்தின் முடிவு ஒக்டோபர் 15, அங்கே மாலை 6 மணி, எங்களுக்கு இரவு 10.30. ஐந்து தெரிவுகளில் நான்கைத்தான் மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம். யூகற் என்ற மருத்துவ அனுமதிப் பரீட்சையை அதற்குமுன் எழுதியிருக்க வேண்டும். நோய் பற்றிய விளக்கத்தைப் பாடசாலை தரும் சிபாரிசுக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளை தன் கட்டுரையை நோயால் நிரப்பத் தேவையில்லை. கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"இம்மாணவி தரம் 10இன் இரண்டாம், மூன்றாம் தவணைகளில் சிறுநீரக நோய்க்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தார். அத்தவணைகளின் புள்ளிகள் அக்காலத்துக்கு உரியவை. சிகிச்சை முடிந்தபின் தரம் 12இலிருந்து அவரது வரவும் பெறுபேறும் இணைக்கப்பட்டுள்ளன."

"கடும் துன்பத்திலும் தளராத", "போராளி" போன்ற சொற்கள் வேண்டாம். திகதியும் வரவும் பேசட்டும். தமிழிலுள்ள தேர்ச்சி அறிக்கைகளுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், ஆதலால் எல்லாத் தவணை அறிக்கையையும் கொடுக்காமல் கேட்டதை மட்டும் கொடுங்கள். ஆவணங்களை வெளிநாட்டுக்குச் சான்றுறுதி செய்யக் கொழும்பு போகத் தேவையில்லை, யாழ் மாவட்டச் செயலக வளாகத்தில் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. கடவுச்சீட்டுக்கும் 2025 செப்டெம்பரிலிருந்து யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் இயங்குகிறது.

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிக்க வெளிநாட்டு மாணவரும் நீட் என்ற அந்நாட்டு மருத்துவ நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். எந்த நாடானாலும் முகவருக்கு ஒரு சதம் கொடுக்குமுன் அந்தப் பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏ.எல்.இல் குறைந்தது இரண்டு சி, ஒரு எஸ் (சாதாரண சித்தி) இல்லாமல் போனால், திரும்பி வந்து இங்கே பதிவு பெறுவது சிக்கல். அந்தத் தகுதி இருந்தாலும், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே பதிவு பெற எழுதும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் தேற வேண்டும். "அதெல்லாம் பிறகு பார்க்கலாம், தம்பி" என்று சிரிக்கும் முகவரிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

8. தெரிவான பின்

பதிவுக்குத் தரும் நாட்கள் குறைவு. அதோடு மருத்துவப் பரிசோதனைப் படிவமும் வரும். அதில் பழைய நோயை மறைக்க வேண்டாம். ஐந்து வருடப் படிப்பு, அதில் வாட் வேலை, இரவு விழிப்பு எல்லாம் உண்டு. தொடர்ந்து மாத்திரை எடுக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஒழுங்கு வேண்டியிருந்தால் பீடத்துக்கு முதலே தெரிந்திருப்பது நல்லது. தடுப்பூசிப் பதிவேட்டையும் தேடி எடுத்து வையுங்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை எடுத்த பிள்ளை என்றால் எந்த ஊசி போடலாம், எதைத் தள்ள வேண்டும் என்று கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்கிய பிறகே போடுங்கள். படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும். பெறுபேற்றுக்கும் பதிவுக்கும் இடையில் கிடைக்கும் மாதங்களில் அதற்கு ஒரு வகுப்புப் போகலாம். அந்த நேரத்தில் பிள்ளை கொஞ்சம் நித்திரையும் கொள்ளட்டும்.